வில்லிபுத்தூர்ப் பாசுரங்களும் வழங்கியின் மூன்று சேவைகளும்

ஆண்டாளின் இயற்பெயர் கோதை. தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. ஆனால் கணினிக்குள் இந்தப் பெயர் மூன்று விதமாகச் சேமிக்கப்பட்டு வந்திருக்கிறது. 'திஸ்கி' என்ற பழைய குறியேற்றத்தில், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இரட்டைக்கொம்பு, ககரம், கால், ஐகாரக் குறி, தகரம் என்று ஐந்து குறிகள். ஒருங்குறியில், ஒலிக்கும் வரிசைப்படி ககரம், ஓகாரக் குறி, தகரம், ஐகாரக் குறி என்று நான்கு. அதே ஒருங்குறியில் ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் எனப் பிரித்தும் இடலாம். அப்போது மறுபடியும் ஐந்து. உரிய ஏற்பாடு இருந்தால் திரையில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்றைக் கொண்டு தேடினால் மற்றது அகப்படாது. பாசுரம் இருக்கிறது, பாடியவள் பெயர் இருக்கிறது, தேடுபவனுக்கு மட்டும் அது இல்லை.

நூல்கள் அழிவது தீயாலும் கரையானாலும் மட்டுமல்ல என்பதற்கு இது ஒரு சிறு சான்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய பாசுரங்களைச் சான்றாக வைத்துக்கொண்டு, ஒரு நூல் எவ்வாறு காலத்தைக் கடக்கிறது, ஓலைப்பெட்டியின் இடத்தில் இன்று வந்து நிற்கும் வழங்கி என்ற கணினி அந்தப் பணியை எவ்வாறு செய்கிறது, எங்கே தவறவிடுகிறது என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

சேவை என்னும் சொல்

வழங்கி என்பது தனிவகை மந்திரப் பெட்டி அன்று. கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்காக எந்நேரமும் விழித்திருக்கும் கணினி, அவ்வளவே. ஒரு நூலகத்துக்கோ கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ வழங்கி அமைப்பவர் பெரும்பாலும் மூன்று ஏற்பாடுகளை அதில் செய்கிறார். எது எங்கே உள்ளது என்று ஒழுங்குபடுத்தி வைக்கும் தரவுத்தளம். அதைத் தொலைவில் இருப்பவரும் படிக்குமாறு பக்கமாக்கித் தரும் வலை. கோப்பையே பிரதியாக எடுத்துக்கொள்ள இடந்தரும் கோப்புப் பகிர்வு. கணினித் துறையார் இம்மூன்றையும் 'சேவை' என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தச் சொல் நெடுங்காலமாகப் புழங்குகிறது. வைணவர்கள் பிரபந்தம் ஓதுவதைச் 'சேவித்தல்' என்பர். பாசுரத்தை இசைத்தும் அபிநயித்தும் பொருள் சொல்லும் அரையர் சேவை, தமிழகத்தில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் வழங்கி வருகிறது. கோஷ்டியாகச் சேவிக்கும்போது இரு அணியாக நின்று ஒருவர் தொடங்க மற்றவர் தொடர்வார்கள். ஓரணியில் ஒருவர் சொல் பிறழ்ந்தால் பக்கத்தில் நிற்பவரின் குரல் அதைத் திருத்திவிடும். சேவிப்பது வழிபாடு, அதுவே சரிபார்ப்பும் ஆகிறது. ஓதாமல் வைத்த நூலும், ஒருவரும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும் வழங்கியும் ஒரே கதிக்கு ஆளாகின்றன. பழுது நேர்ந்தாலும் நெடுநாள் யாருக்கும் தெரிவதில்லை.

பெயரும் எண்ணும்

நாலாயிரத்தில் வில்லிபுத்தூரின் பங்கு சிறியதன்று. பெரியாழ்வார் பாடியவை, 12 பாசுரங்கள் கொண்ட திருப்பல்லாண்டையும் சேர்த்து, 473. ஆண்டாளின் திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. ஆக 646 பாசுரங்கள். இப்பாடல்களை வாசிப்போர் எளிதில் கடந்துபோகும் ஒரு கூறு உண்டு. பதிகங்களின் இறுதிப் பாசுரத்தில் பாடியவர் பெயரும் ஊரும் வரும். பல இடங்களில் எத்தனை பாடல் என்ற எண்ணும் வரும். கோதை தன்னைப் பட்டர்பிரானின் மகளாகக் குறிப்பிடுவாள். திருப்பாவையின் கடைசிப் பாசுரம், பாடியவை முப்பது என்று எண்ணியே சொல்லிவிடுகிறது.

இதனை நாம் பலச்ருதி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பக்தனுக்கு அது பலன் கூறும் பாட்டு. ஏடு பெயர்த்து எழுதுபவனுக்கோ அது ஆவணக் குறிப்பு: ஆசிரியர் இன்னார், ஊர் இது, எண்ணிக்கை இத்தனை. நூலின் அட்டை நூலுக்கு உள்ளேயே தைக்கப்பட்டிருக்கிறது. கட்டவிழ்ந்து ஏடுகள் சிதறினாலும், கிடைத்த ஒரு பதிகம் தான் யாருடையது என்று தானே சொல்லும்.

இந்தக் குறிப்பு வெறும் அணி அன்று என்பதை வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் நாதமுனிகள் வரலாறு காட்டுகிறது. காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த அடியார்கள் குடந்தைப் பெருமாள்மீது நம்மாழ்வார் பாடிய ஒரு பதிகத்தைச் சேவித்தார்கள். அதன் இறுதிப் பாட்டில், ஆயிரம் பாடல்களுள் இவை ஒரு பத்து என்ற பொருள்படும் குறிப்பு வந்தது. எஞ்சியவை எங்கே என்று நாதமுனிகள் கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு அவர் குடந்தைக்கும், அங்கிருந்து நம்மாழ்வாரின் ஊரான திருக்குருகூருக்கும் சென்றார். மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதி, நாலாயிரத்தையும் பெற்றார் என்பது மரபு.

இவ்வரலாற்றில் தெய்வச் செயலை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. நூல் வரலாறு பயில்வோர் கருத வேண்டியது வேறு: தேடலைத் தொடங்கிவைத்தது ஓர் எண். மொத்தம் ஆயிரம் என்ற குறிப்பு மட்டும் அப்பதிகத்தில் இல்லையென்றால், கையில் இருப்பதே முழுமை என்று எல்லோரும் மனநிறைவு கொண்டிருப்பார்கள். காணாமற்போனது காணாமற்போயிற்று என்று தெரிவதே மீட்பின் முதற்படி. இன்று ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்கும்போது அதன் அருகே நீண்ட எண்கோவை ஒன்று தரப்படுவதைக் காண்கிறோம். வந்து சேர்ந்தது முழுமையாக, மாறாமல் வந்ததா என்று அதைக்கொண்டு சரிபார்க்கலாம். நுட்பம் புதிது; தேவை நாதமுனிகள் காலத்தது.

செல்லரித்த உரை

மூலம் பிழைத்தது, உரைக்கு ஒரு சோதனை காத்திருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரம் முழுமைக்கும் உரை வரைந்தவர். ஆனால் அவர் பெரியாழ்வார் திருமொழிக்கு எழுதிய உரையில் பெரும்பகுதி செல்லரித்து அழிந்தது. எஞ்சியது கடைசிப் பகுதி மட்டுமே. 1370 முதல் 1443 வரை வாழ்ந்த மணவாள மாமுனிகள் அழிந்துபோன பகுதிக்குத் தாமே உரை செய்தார். அவர் முழு நூலுக்கும் புதிதாக எழுதவில்லை. முன்னோர் உரை எந்தப் பாசுரத்தின் எந்தச் சொல்லிலிருந்து கிடைக்கிறதோ, அந்த இடம்வரை எழுதி நிறுத்திக்கொண்டார் என்று வைணவ மரபு போற்றுகிறது.

அடக்கத்தின் இலக்கணமாக இதைச் சொல்வார்கள், சரிதான். ஆனால் இதில் துயரமும் இருக்கிறது. மாமுனிகளின் உரை எவ்வளவு உயர்ந்ததாயினும், பெரியவாச்சான் பிள்ளை அந்த நானூறு பாசுரங்களுக்குச் சொன்னது என்ன என்பதை இனி யாராலும் அறிய முடியாது. பாசுரங்கள் ஓதுவோர் நெஞ்சில் பல பிரதிகளாக இருந்ததால் பிழைத்தன. உரைக்கோ அத்தனை பிரதிகள் வாய்க்கவில்லை. ஆசிரியர் பெருமையோ ஏட்டின் உறுதியோ அதைக் காக்கவில்லை.

பேரேட்டிலிருந்து தரவுத்தளம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே சென்றால் ராஜபாளையம். அங்கே மரபு வேறு. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், அவ்வூரைப் பஞ்சும் நூலும் சார்ந்த தொழில் நகராக்கியதில் பெரும்பங்கு கொண்டது. ஆலையென்றால் கணக்கு, வந்த பஞ்சு எத்தனை பொதி, போன நூல் எவ்வளவு, கூலி யாருக்கு என்ன என்று பேரேட்டுக்குப் பேரேடு ஒத்துப்போக வேண்டும். ஒரு பெயர் இரண்டு ஏட்டில் இரண்டு விதமாக எழுதப்பட்டால் கணக்கு இடிக்கும்.

இந்தச் சிக்கலுக்கு 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் ஒரு கணிதவழித் தீர்வு கண்டார். செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து வை; ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது; தேவைப்படும்போது பொதுவான எண்ணைக்கொண்டு அட்டவணைகளை இணைத்துக்கொள் என்பது அதன் சாரம். இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. இராமசாமி ராஜா வழிவந்த ராம்கோ குழுமமே 1992-இல் தன் நிறுவனமொன்றின் ஆய்வுப் பிரிவாக மென்பொருள் துறையில் இறங்கியது. அது பின்னர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமாயிற்று. ஆலைகளின் கொள்முதல், இருப்பு, கணக்கு அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தில் கோக்கும் மென்பொருளை அது உருவாக்கி விற்றது. நூற்பாலை ஊரின் பேரேடு வழங்கிக்குள் சென்ற கதை இது.

இலக்கியத்துக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். பாசுரங்களுக்கு ஓர் அட்டவணை, பாடியவர்க்கு ஒன்று, தலங்களுக்கு ஒன்று என வகுத்துவிட்டால், 'திருவரங்கத்தைப் பாடிய பெரியாழ்வார் பாசுரங்கள் எவை' என்ற வினாவுக்கு நொடியில் விடை கிடைக்கும். பலச்ருதிப் பாட்டில் ஆழ்வார்கள் குறித்துவைத்த பெயர், ஊர், எண் ஆகியவையே இங்கு அட்டவணையின் தலைப்புகளாகின்றன.

ஏரிக்கரையில் ஒரு மதுரை

வலைச் சேவையின் பிறப்பு ஜெனீவா அருகில். 1990-ஆம் ஆண்டின் இறுதியில், செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தம் மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினியை உலகின் முதல் வலை வழங்கியாக ஆக்கினார். இதை அணைத்துவிடாதீர்கள் என்று கையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. வழங்கியின் தத்துவம் முழுவதும் அந்தச் சீட்டில் அடங்கியிருக்கிறது எனலாம்: யாரோ ஒருவர் அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே ஏரிக்கரையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அப்பால் லோசான் நகரில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணைத் தலைவராக இணைந்தார். உலகெங்கும் சிதறியிருந்த தன்னார்வலர்கள் தட்டச்சிட்டார்கள். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தார்கள். ஊதியம் இல்லை, கட்டணமும் இல்லை. மைக்கேல் ஹார்ட் 1971-இல் அமெரிக்காவில் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தின் வழியில் அமைந்த முயற்சி இது. திருக்குறளில் தொடங்கிய அந்த வரிசையில் நாலாயிரமும் சேர்ந்தது. ஒரு பாசுரத்துக்கு ஆயிரம் பைட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், வில்லிபுத்தூரின் 646 பாசுரங்களும் அந்நாளைய நெகிழ்வட்டு ஒன்றில் பாதியிடத்துக்குள் அடங்கிவிடும். இடம் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

தடையாக இருந்தது எழுத்து. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியேற்றம் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். 1999-இல் இணைய ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி பரவத் தொடங்கியது. அதே ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டாலும், வீட்டுக் கணினிகள் அதைச் சரிவரக் காட்டத் தொடங்கியது புத்தாயிரத்தின் தொடக்கத்தில்தான். தமிழக அரசு ஒருங்குறியை முறையாக ஏற்றது 2010-இல். மதுரைத் திட்டம் திஸ்கியில் வைத்திருந்த நூல்களை ஒருங்குறிக்குப் பெயர்த்தது. வட்டெழுத்திலிருந்து தமிழெழுத்துக்குப் பெயர்த்தவர்கள் செய்த பணிக்கு இது சற்றும் குறைந்ததன்று. பெயர்க்க ஆளில்லாத தளங்கள் அப்படியே உறைந்துபோயின. அவற்றைத் திறக்க இன்று எழுத்துருவும் இல்லை. 'பயனர் வரையறுத்தது' என்று உலாவியில் தெரிவு செய்த அந்நாளைய பழக்கமும் இல்லை.

வழங்கியில் தமிழ் படும் பாடு

இன்று ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு நூலகம் வழங்கி அமைக்க விரும்பினால் பொருட்செலவு பெரிதில்லை. பழைய மேசைக்கணினி ஒன்று போதும். லினக்ஸ் இயங்குதளம், 1995-இல் வெளிவந்த அப்பாச்சி வலை வழங்கி, அதே ஆண்டு வந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பிஎச்பி நிரல்மொழி ஆகிய நான்கும் கட்டற்றவை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இத்தகைய அடுக்கின்மேல் வளர்ந்ததே. ஆனால் நிறுவியவுடன் தமிழை இட்டு நிரப்பத் தொடங்குவது அறிவுடைமை ஆகாது. முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை சில உள.

முதலாவது, தரவுத்தளத்தின் எழுத்துத் தொகுதி. மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்தது. ஆகவே 2018-இல் வெளிவந்த எட்டாம் பதிப்புக்கு முன்னர்வரை, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது இலத்தீன் எழுத்தையும் சுவீடிய அகரவரிசையையும் தானாக வரித்துக்கொண்டது. அதில் இட்ட திருப்பாவை ஒன்று வெறும் கேள்விக்குறிகளாகும். அல்லது தலையில் கோடிட்ட உரோமன் எழுத்தும் வணிகச் சின்னப் பதிவுக் குறியும் மாறி மாறி வரும் சரமாகும். இரண்டாவது வகை நோய்க்கு மருந்துண்டு. உள்ளே பைட்டுகள் பிழைத்திருக்கும். கேள்விக்குறியாகிவிட்டால் மீட்பில்லை. அது செல்லரித்த ஏடு.

யூடிஎஃப்-8 என்ற முறையைத் தேர்ந்தாலும் ஒரு நுணுக்கம் உண்டு. அம்முறையில் வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மைஎஸ்கியூஎல் தன் பழைய 'யூடிஎஃப்8' வகையில் மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. 2019 மார்ச்சில் ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பு தமிழின் பின்ன எண்களுக்கும் பழைய கணக்குக் குறிகளுக்குமாக 51 இடங்களைத் தந்தது. முந்திரி, காணி, மா ஆகியவற்றின் குறிகள் அவற்றுள் அடங்கும். அவை ஒவ்வொன்றும் நான்கு பைட். எனவே பழைய வகையில் அமைத்த தரவுத்தளம் கோதையின் பாசுரத்தை ஏற்கும். நிலக்கணக்கை அதன் பழைய குறிகளோடு எழுதினால் ஏற்காது. கண்டிப்பான அமைப்பென்றால் பிழை காட்டி மறுக்கும். இல்லையென்றால் அந்தக் குறி வந்த இடத்தோடு வரியை வெட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். பேசாமல் இருப்பதுதான் கொடிது. நான்கு பைட் ஏற்கும் 'எம்பி4' வகையையே தொடக்கத்தில் தேர்ந்துகொள்வது நலம்.

இரண்டாவது, அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் ரகரத்தை அடுத்து றகரம், பின் லகரம், ளகரம், ழகரம், வகரம் என்று இடம் அமைந்துள்ளது. இது நம் நெடுங்கணக்கு அன்று. புள்ளியும் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே நிற்கிறது. ஆகவே குறியெண்ணின்படி வரிசைப்படுத்தினால் 'அகம்' முன்னும் 'அக்கம்' பின்னும் வரும்; நம் அகராதிகளில் 'அக்கம்' முந்தும். பாட்டு முதற்குறிப்பு அகராதி தொகுப்பவர் தமிழ் வரிசைக்கான விதியைத் தரவுத்தளத்துக்குச் சொல்லியாக வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 'கோதை' சிக்கலும் இவ்வகையே. எழுத்து உள்ளே நுழையும் வாயிலிலேயே பிரிந்த ஓகாரத்தை ஒன்றாக்கிவிடும் சீரமைப்பு நிரல் இருந்தால், அவள் பெயர் தேடுவார்க்கு அகப்படும்.

மூன்றாவது, வலை வழங்கி. பக்கத்தை அனுப்புமுன் அது இன்ன குறியேற்றத்தில் உள்ளது என்று வழங்கி முகவரியிடும். பக்கத்தின் உள்ளே எழுதியதும் வழங்கி சொல்வதும் முரண்பட்டால் உலாவி வழங்கியின் சொல்லையே கொள்ளும். பக்கம் செம்மையாக இருந்தும் திரையில் குழம்பித் தெரிந்தால், வழங்கியின் அமைப்புக் கோப்பைப் பார்ப்பது நல்லது.

நான்காவது, கோப்புப் பகிர்வு. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் வெளியிட்ட 'சாம்பா', விண்டோஸ் கணினிகளும் லினக்ஸ் வழங்கியும் ஒரே கோப்புறையைப் பகிர வழி செய்தது. இங்கும் தமிழுக்கென ஒரு முடிச்சு. லினக்ஸில் பெரிதும் பயன்படும் கோப்பமைப்பில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மிகலாகாது. மூன்றால் வகுத்தால் 85 குறிகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் ஆதலால் ஐம்பது எழுத்துச் சொச்சத்திலேயே எல்லை வந்துவிடும். விண்டோஸ் அப்படிக் கணக்கிடுவதில்லை. நூற்பெயர், உரையாசிரியர், பதிப்பு, ஆண்டு எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதும் நம் வழக்கத்தால், அங்கே நிம்மதியாக இருந்த கோப்பு வழங்கிக்கு வர மறுக்கும். கோப்புக்கு எண்ணும் சிறுபெயரும் இட்டு, விவரங்களைத் தரவுத்தளத்தில் வைப்பதே முறை.

பகிர்வில் மற்றொன்றும் கருதத்தக்கது. படிக்கும் உரிமை எல்லோர்க்கும் இருக்கட்டும். எழுதும் உரிமை சிலர்க்கே இருக்க வேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பிணைத்தொகை கேட்ட 'வானாக்ரை' நச்சுநிரல், விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகவே பரவியது. திறந்த கதவு வாசகனுக்கும் கள்வனுக்கும் ஒன்றே.

பிரதி

இவை எல்லாம் சரியாக அமைந்த பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இந்த ஒற்றைக் கணினி நின்றுபோனால்?

1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியும் ஜூன் முதல் நாளும் சேர்ந்த இரவில் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று கணக்கிடுவர். அச்சு நூல்கள் பலவற்றுக்கு உலகில் வேறெங்கோ ஒரு பிரதி இருந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிகளும் இதழ்களும் அந்த இரவோடு முடிந்தன. ஈழத்து ஆர்வலர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டத்தை, அந்த இழப்பின் நினைவைத் தவிர்த்துப் புரிந்துகொள்ள இயலாது.

தீ வைப்பார் இல்லாமலும் நூலகம் அழியும். 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம், ஜப்பானியக் கிளை நீங்கலாக, தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடிற்று. அங்கே இலவச இடம் பெற்றுத் தமிழ் ஆர்வலர்கள் கட்டிய பக்கங்களும் உடன் போயின. அடுப்பில்லை, புகையில்லை, ஓர் அறிவிப்பு மட்டுமே. பிறர் திண்ணையில் வைத்த ஏடு வீட்டுக்காரர் கதவடைக்கும் நாள்வரைதான் நம்முடையது.

சாம்பாவை எழுதிய அதே டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் என்பாருடன் சேர்ந்து 1996-இல் 'ஆர்சிங்க்' என்ற கருவியை வெளியிட்டார். இரண்டு கணினிகளில் உள்ள பிரதிகளை ஒப்பிட்டு, எங்கே வேறுபாடு உண்டோ அந்தப் பகுதியை மட்டும் அனுப்பி நிரப்புவது அதன் வேலை. இருப்பதைத் தொடாமல், இல்லாத இடத்தை மட்டும் அந்தச் சொல்வரை நிரப்பிய மாமுனிகளை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. வேற்றுமை ஒன்றே: கருவிக்கு மறுகரையில் ஒரு பிரதி இருந்தாக வேண்டும், அது தானாக உரை எழுதாது.

இங்குதான் நம் இரண்டு ஊர்களும் பயன்படும். ராஜபாளையத்தில் சென்னை மாகாண முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலைமன்றமாக ஊருக்கு அளித்தார். பொதுச் சொத்தாக அறிவைக் காக்கும் பழக்கம் அவ்வூருக்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வழங்கி, ராஜபாளையத்தில் ஒன்று. இரவுதோறும் ஒன்றின் உள்ளடக்கம் மற்றதற்குச் செல்லட்டும். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தின் இடியும் மின்வெட்டும் திருட்டும் ஒரே இரவில் இரண்டையும் தாக்குவது அரிது. மூன்றாவது பிரதி ஒன்று மாவட்டத்துக்கு வெளியே, இயலுமாயின் கடலுக்கு அப்பால் இருக்கட்டும்.

பிரதி எடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏட்டைப் பிடுங்கியதுபோல் ஆகும். முறைப்படி எழுத்துவடிவில் இறக்கி எடுக்க வேண்டும். அப்படி இறக்கிய கோப்பை, மைஎஸ்கியூஎல் மறைந்துபோன காலத்திலும் ஒருவர் வெறும் கண்ணால் படித்துவிடலாம். இங்கே தவறுதலாக அழித்த பாசுரம் இன்றிரவே அங்கும் அழியும்படி ஏற்பாடு இருந்தால் அது பிரதி அன்று, நிழல். ஆகவே முந்தைய நாள்களின் பிரதிகளையும் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரதியிலிருந்து முழுவதையும் வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி, பெட்டிக்குள் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் சுவடியே.

மீட்டபின் எண்ணிப் பார்க்கவேண்டும். பெரியாழ்வாருக்கு 473, திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. ஒன்று குறைந்தாலும் நாதமுனிகள் கேட்ட கேள்வியை நாமும் கேட்க வேண்டும். எண் சரியாக இருந்தால் 'கோதை' என்று ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

ஓலைக்கு நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு என்று ஆயுள் சொல்வார்கள். வன்தட்டின் ஆயுளைச் சில ஆண்டுகளில் சொல்லிவிடலாம். ஓலையைவிட நலிந்த ஒன்றின்மேல் நம் இலக்கியம் முழுவதையும் ஏற்றிவைத்திருக்கிறோம். இதற்காக அஞ்ச வேண்டியதில்லை; ஓலைக்காலத்தில் ஒரு பிரதி எடுக்க மாதங்கள் ஆயின, இன்று நொடிகள் ஆகின்றன. பெயர்த்தெழுதும் உழைப்பு குறைந்திருக்கிறது. பெயர்த்தெழுதும் பொறுப்பு குறையவில்லை. திருவாடிப்பூரத்தன்று தேர் ஓட ஆயிரம் கைகள் வடம் பிடிக்கின்றன. அவள் பாடல்கள் இருக்கும் கணினியை அணையாமல் பார்த்துக்கொள்ள இரண்டு ஊர்களில் இரண்டு பேர் போதும். அந்த இருவருக்குப் பின் யார் என்பதையும் அவர்களே முடிவு செய்துவிட வேண்டும்.